சொந்தக் கருத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை

பார்லிமெண்ட் அங்கத்தினர் என்றால் கட்சி சொன்னபடி கை தூக்குபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவருக்கென்று சொந்த அபிப்பிராயம் இருந்தால், அதைச் சொல்லவும் டில்லியில் ஓர் இடம் உண்டு. லோக்சபையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் மந்திரி அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்போது எந்த அங்கத்தினரும் தம் பெயரில் மசோதா கொண்டுவரலாம். வாரக் கடைசியில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் அதைக் கேட்க எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்!

இப்படி வந்த மசோதாக்களில் சட்டமானவை மொத்தம் பதினான்கே. அவற்றில் ஒன்று பெரோஸ் காந்தியினுடையது. அவர் ரே பரேலி தொகுதியின் காங்கிரஸ் அங்கத்தினர். பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை.

சபைக்குள் அங்கத்தினர் பேசுவதற்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. அதே பேச்சை வெளியிடும் பத்திரிகைக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. சபையில் நடப்பதை ஜனங்கள் அறிய வேண்டாமா என்று கேட்டார் பெரோஸ். தீய நோக்கமின்றி, உள்ளது உள்ளபடி வெளியிட்டால் வழக்கில்லை என்ற சட்டம் 1956-இல் பிறந்தது.

மறு வருஷமே அவர் தம் கட்சி சர்க்காரையே கூண்டில் ஏற்றினார். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போட்டது ஏன் என்று சபையில் துருவித் துருவிக் கேட்டார். விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். மாமனாரின் மந்திரிசபை என்று பெரோஸ் தயங்கவில்லை. கட்சியும் அவரை வெளியேற்றவில்லை.

1960-இல் பெரோஸ் காலமானார். அவசர நிலையின்போது, 1976-இல், அந்தப் பத்திரிகைச் சட்டம் ரத்தாயிற்று. ரத்துச் செய்தது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் சர்க்கார்! 1977-இல் ஜனதா ஆட்சி அதை மீட்டது.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி பதினைந்து நாளில் மன்னிக்காவிட்டால், பதவி போகும். பணத்துக்கும் பதவிக்கும் தாவியவர்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் விரித்த வலையில் மனச்சாட்சிக்காரரும் அல்லவா மாட்டிக்கொள்கிறார்?

தனி அங்கத்தினர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-இல். பிறகு நெடுங்காலம் அப்படிப்பட்ட மசோதாவை ஒரு சபை நிறைவேற்றுவதுகூட அபூர்வமாகவே இருந்தது. அந்த அபூர்வத்தை நிகழ்த்தியவர் திருச்சி சிவா. திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைக்காக அவர் கொண்டுவந்த மசோதாவை ராஜ்யசபை 2015 ஏப்ரல் 24-ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமையன்று, ஏகமனதாக ஏற்றது. லோக்சபையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் சர்க்கார் தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கல்வியிலும் சர்க்கார் வேலையிலும் சிவா கேட்டிருந்த இரண்டு சதவிகித ஒதுக்கீடு அதில் இல்லை.