அம்மா, இதில நாங்க எந்தப் பக்கம்?

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு மழை நாள். ஹாரோவில் எங்கள் வீட்டு சோபாவில் மூன்று தலைமுறையும் இருந்து ஒரு டச்சுப் படம் பார்த்தோம். 13 வயது மகனுக்குக் கப்பல் சண்டை என்றால் சாப்பாடும் வேண்டாம். வேலணையில் பிறந்த என் அப்பாவுக்கு சப்டைட்டில் வாசிக்கப் பஞ்சி. "கதையை நீ சொல்லு பிள்ளை" என்று சாய்ந்துவிட்டார்.

படத்தின் பெயர் 'மிகீல் டி ரூய்டர்'. 2015இல் வந்தது. ஆங்கிலத்தில் 'அட்மிரல்' என்று தேடினால் கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தோடு மோதிய டச்சுக் கடற்படைத் தளபதியின் கதை. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு புதினமான அனுபவம். இங்கிலாந்து வில்லனாக வருகிற சரித்திரப் படம் எத்தனை பார்த்திருக்கிறோம்? இரண்டாம் சார்ள்ஸ் மன்னராக சார்ள்ஸ் டான்ஸ் நடித்திருக்கிறார்.

பாதிப் படத்தில் அந்தக் காட்சி வந்தது. 1667 ஜூன். மெட்வே ஆற்றுக்குக் குறுக்கே ஆங்கிலேயர் கட்டிய பெரிய இரும்புச் சங்கிலியை உடைத்துக்கொண்டு டச்சுக் கப்பல்கள் உள்ளே போகின்றன. மகன் எழும்பி நின்று கைதட்டினான். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அம்மா, இதில நாங்க எந்தப் பக்கம்? நாங்க பிரிட்டிஷ்தானே?"

நான் வாய் திறக்க முதல் அப்பா சொன்னார்: "உவங்கள்தான் ஒல்லாந்தர். எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சவங்கள்."

படத்தை நிறுத்தினோம். அந்தப் பேச்சு அன்றிரவு முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. இதன் செலவு ஏறக்குறைய 80 இலட்சம் யூரோ. பிள்ளைகளோடு தியேட்டரில் போய்ப் பார்த்தோமே 'பொன்னியின் செல்வன்', அதற்குச் செலவானது பல நூறு கோடி ரூபாய். அந்தக் கணக்கில் இது சின்னப் படம். ஆனால் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. இயக்குநர் ருல் ரைனே குறைந்த காசில் அடிதடிப் படங்கள் எடுத்துப் பழகியவர், ஒளிப்பதிவும் அவரே. கைக்குக் கிடைத்த சில உண்மையான பாய்க்கப்பல்களை வைத்துக்கொண்டு, மிச்சக் கடற்படையைக் கணினியில் சேர்த்திருக்கிறார். கதை சில இடங்களில் அவசரப்படுகிறது. வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சு மாதிரி. என்றாலும் இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

சங்கிலிக் காட்சி கற்பனை இல்லை. லண்டன் பெருந்தீயை எங்கள் பிள்ளைகள் 'இயர் டூ'விலேயே படிக்கிறார்கள். அதற்கு அடுத்த வருடம் நடந்த இந்த அவமானத்தை எனக்கு எந்த வகுப்பிலும் ஒருவரும் படிப்பிக்கவில்லை. மன்னரிடம் காசில்லாமல் பெரிய கப்பல்களைச் சாத்தம் மெட்வேயில் கட்டிப்போட்டிருந்தார்கள். மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகத் துண்டுச்சீட்டு. டச்சுக்காரர் வந்து கப்பல்களை எரித்து, கடற்படையின் பெருமையான 'ரோயல் சார்ள்ஸ்' கப்பலை இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள். கடற்படை அலுவலகத்தில் வேலைபார்த்த சாமுவேல் பெப்பிஸ், லண்டனும் போய்விடும் என்று பயந்து வீட்டுத் தங்கத்தை மனைவியிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அந்தக் கப்பலின் பின்பக்க மரச்சிற்பம் இன்றைக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

இனி மகனின் கேள்விக்கு வருவோம். படத்தில் டி ரூய்டரும் யோகான் டி விட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது குடியரசு, சுதந்திரம். அதே காலத்தில் எங்கட பக்கம் என்ன நடந்தது?

1658 ஜூனில், மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. அடுத்த மாதமே நாகபட்டினமும் அவர்கள் கையில். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும். பசியில் விற்கப்பட்ட தமிழ்ச் சனத்தை ஆயிரக்கணக்கில் அந்தக் கம்பனி வாங்கி, கப்பலில் ஏற்றி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

டி ரூய்டர் எங்கள் கரைக்கு வந்தவர் இல்லை. அவர் அரசாங்கக் கடற்படை, எங்களிடம் வந்தது கம்பனி. ஆனால் 1664-65இல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமை வியாபாரம் நடந்த கோட்டைகளை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டுக் கொடுத்தார். படத்தில் அது இல்லை. படம் வெளியானபோது நெதர்லாந்திலேயே இதைக் கேட்டு எதிர்ப்புக் காட்டினார்கள்.

இவ்வளவையும் சொன்னதும் மகன், "அப்ப டச்சுக்காரர்தான் பாட் கைஸ்" என்று முடித்துவிட்டான். அப்பாவும் தலையாட்டினார்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 1706-07இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளை எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். அதுதான் தேசவழமை. காணி, சீதனம் என்று ஊரில் இன்றைக்கும் அந்தச் சட்டம் செல்லும். அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அந்த அடிமைகள் எங்கட ஊரின் சில சாதிச் சனங்கள். அவர்களை வைத்திருந்ததும் எங்கட ஆக்கள்.

மகன் அப்பாவைப் பார்த்தான். "அம்மப்பா, எங்கட வீட்டிலயும் இருந்தவையா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர பேரன் காலத்தில அடிமை எண்ட பேர் இல்லை ராசா. ஆனா அவையள் எங்கட கிணத்தில தண்ணி அள்ளேலாது" என்றார். ஐம்பது வருடமாக அப்பா இதை எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

என்னிடம் இப்போது மகனுக்குக் கொடுக்க ஒற்றைப் பதில் கிடையாது. கைதட்டு, கப்பலை ரசி, ஆனால் இந்தக் கதையில் ஆரைக் காட்டவில்லை என்றும் கேள் என்றுதான் சொன்னேன். 'பொன்னியின் செல்வன்' பார்க்கும்போதும் அதையே கேட்கச் சொன்னேன்.

பிறகு அப்பா லேசான ஒரு விளையாட்டைத் தொடங்கினார். வீட்டில் நாங்கள் பேசும் தமிழில் எத்தனை ஒல்லாந்தச் சொல் இருக்கு? மேசை லாச்சி. கந்தோர். போஞ்சிக்காய். கக்கூசு வந்ததும் மகன் உருண்டு சிரித்தான். அப்பாவின் வேலணைக்கே ஒல்லாந்தர் வைத்த பெயர் லெய்டன். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மெட்வேக்குப் போனோம். சென் பாங்கிராஸிலிருந்து ஸ்ட்ரூட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு டச்சுக் கப்பல்களை நோக்கிச் சுட்ட அப்னோர் கோட்டை ஆற்றங்கரையில் அப்படியே நிற்கிறது. ஆற்றைப் பார்த்து மகன், "இவ்வளவுதானா?" என்றான். அப்பா கோட்டைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட கோட்டை இதைவிடப் பெரிசு" என்றார்.

நீங்களும் பார்ப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. 1672இல் டி விட் சகோதரர்களைச் சனக்கூட்டம் கொல்லும் காட்சி மிகக் கொடூரம். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டாம். பெரிய பிள்ளைகளோடு பாருங்கள், முடிந்தால் தாத்தா பாட்டியையும் பக்கத்தில் இருத்துங்கள். இந்த ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாணக் கோட்டையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று மகன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். வேலணையில் அந்தக் கிணற்றையும் பார்க்க வேணுமாம்.