சவுண்டல் தழையும் ஹவாய் ஆடுகளும்

செஞ்சிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளாடு வளர்ப்பவர். "ஐயா, சவுண்டல் தழையை நிறையப் போட்டால் ஆட்டுக்கு முடி கொட்டும், சினை நிற்காது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். போடலாமா, கூடாதா? வரப்பில் வைக்க நல்ல விதை எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். இரண்டும் ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் உரிய கேள்விகள். இரண்டாவது கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அதனாலேயே அவருக்குத் தனி நன்றி.

சவுண்டலை, அதாவது சூபாபுல்லை, செஞ்சிப் பக்கம் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏரிக்கரை, சாலையோரம், பள்ளிக்கூட மதில் என்று எங்கும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வாரச்சந்தையில் கட்டிப் போட்டிருக்கும் கிடாக்களின் முன்னால் கிடக்கும் தழையில் பாதி அதுவாகத்தான் இருக்கும். கோடையில் மலையடிவாரமெல்லாம் காய்ந்து பாறையும் முள்ளுமாகக் கிடக்கும்போதும் இந்த மரம் துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழையும். காய்ந்த தழையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். பயறு வகைக் குடும்பம் என்பதால் தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சுகளிலேயே தேடிக்கொள்கிறது. தொரட்டியும் கையுமாகத் திரிகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் சந்தைப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தத் தழையில் மிமோசின் என்றொரு நச்சு அமினோ அமிலம் இருக்கிறது. இளந்துளிரிலும் விதையிலும் அது கூடுதல். முடி முளைக்கும் இடத்தில் செல்கள் பெருகுவதை அது நிறுத்திவிடுகிறது. குதிரை தின்றால் பிடரியும் வாலும் உதிரும். செம்மறிக்கு உரோமம் கொத்தாகக் கழன்று வரும். ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் மிமோசினைச் சிதைத்து டிஎச்பி என்ற இன்னொரு பொருளாக்குகின்றன. அது தைராய்டைக் கெடுக்கிறது. கழுத்து வீங்கும், எச்சில் வடியும், எடை ஏறாது, குட்டிகள் நலிந்து பிறக்கும்.

இந்த நச்சை எப்படி வென்றார்கள் என்பதுதான் இந்த மரத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். அங்கே சவுண்டல் மேய்ந்த மாடுகள் நோயில் விழுந்துகொண்டிருந்தன. ஹவாய் தீவிலோ ஆடுகள் வேறு தீவனமே இல்லாமல் இதே தழையைத் தின்று கொழுகொழுவென்று திரிந்தன. மரம் ஒன்றுதான், நச்சும் ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு ஆட்டின் வயிற்றுக்குள் இருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் ஊகித்தார். ஹவாய் ஆட்டின் வயிற்றுச் சாற்றை எடுத்துப் பரிசோதித்தபோது அதில் டிஎச்பி காணாமல் போனது. சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. கடுமையான தனிமைப்படுத்தலுக்குப் பிறகு அந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் புகட்டினார்கள். நோய் நின்றது. 1986-ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்த மெகரிட்டியும் அந்த வெற்றியை எழுதினார்கள். 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு ஜோன்ஸின் பெயரால் சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

இதில் நான் மீண்டும் மீண்டும் வியக்கிற இடம் ஒன்று உண்டு. மருந்தை எல்லா மாட்டுக்கும் கொடுக்கத் தேவைப்படவில்லை. மந்தையில் சில மாடுகளுக்குப் புகட்டினால் போதும். ஒரே தொட்டியில் நீர் குடித்து, ஒரே புல்லில் வாய் வைத்து மற்றவை தாமே பெற்றுக்கொண்டன. இந்த பாக்டீரியாவோ அதன் உறவுகளோ பல நாட்டு ஆடு மாடுகளில் இயல்பாகவே இருப்பதைப் பின்னால் கண்டார்கள். கல்லீரலும் இந்த நச்சை ஓரளவு கட்டிப்போட்டு வெளியேற்றுகிறது என்றும் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சவுண்டல் தின்னும் பட்டிகள் தாங்குவதற்கும், புதிதாக வாங்கி வந்த கிடா முடி உதிர்ந்து நிற்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க முடியும்.

ஆகவே அம்மா, போடலாம். புது ஆட்டுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பழைய ஆடுகளோடு சேர்த்துக் கட்டுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மீதிக்கு வைக்கோலோ கடலைக்கொடியோ வேறு தழையோ இருக்கட்டும். வீட்டில் முயலோ கோழியோ இருந்தால் அவற்றுக்கு அசை போடும் வயிறு கிடையாது. இந்தத் தழை அவற்றுக்கு மிகக் கொஞ்சமே ஆகும்.

விதைக் கேள்விக்கு வருகிறேன். நல்ல விதை என்று நீங்கள் கேட்டது எந்த ரகம் என்ற பொருளில் என்றால், அதற்குப் பதில் சொல்ல இந்த மரத்தின் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

சவுண்டலின் தாய்வீடு மெக்சிகோ. அங்கும் சுற்றுப்புற நாடுகளிலுமாக இதன் இனங்கள் இருபதுக்கு மேல் உண்டு. காய்களையும் விதைகளையும் மனிதர்கள் பழங்காலம் தொட்டுத் தின்றார்கள். தொலைவில் தனித்தனியாக வளர்ந்த இனங்களைக் கொண்டுவந்து கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அப்படிப்பட்ட சந்திப்பில் இரண்டு இனங்கள் கலந்து, குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்துப் பிறந்ததுதான் நம் சவுண்டல். அதற்கு 104 குரோமோசோம்கள். ஸ்பானியர்கள் மணிலாவுக்குக் கப்பல் விட்ட காலத்தில் அது பிலிப்பைன்சுக்கு வந்தது. அங்கிருந்து ஆசியா முழுவதும் பரவியது.

பரவியது கொஞ்சம் விதை. அதைவிட முக்கியமாக, இந்த மரம் தன் மகரந்தத்தாலேயே தான் காய்க்கும். அந்த வெள்ளைப் பந்துப் பூ ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுபூக்கள் இருக்கின்றன. வேறு மரம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும். விழுந்த விதை அத்தனையும் கிட்டத்தட்டத் தாயின் அச்சு. வேம்பிலோ புளியிலோ நாலு ஊர் அலைந்து நாலு மரத்து விதை சேர்த்தால் நாலு விதமான கன்று கிடைக்கும். சாலையோரச் சவுண்டலில் நாற்பது மரத்து விதை சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரே கன்றுதான்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நான் பள்ளியில் விடைத்தாள் திருத்திய காலத்தில், ஒரே பெஞ்சின் தாள்கள் அடுத்தடுத்து வரும்போது, முதல் தாளில் கண்ட அதே தப்பு அதே வரியில் கடைசித் தாள் வரை வருவதைப் பார்த்திருக்கிறேன். உலகத்துச் சவுண்டலெல்லாம் அப்படி ஒரே தாளைப் பார்த்து எழுதியவை. சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி 1980-களில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது. நுனித் துளிரை விரலால் பிரித்துப் பார்த்தால் தெரியும்: இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத மஞ்சள் பச்சைப் புள்ளிகள் மடிப்பு மடிப்பாக அப்பியிருக்கும், விரலில் தேன்போலப் பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படியும், துளிர் சுருண்டு உதிரும். அமெரிக்க வெப்ப மண்டலத்தில் இருந்த அந்தப் பூச்சி 1984-ல் ஹவாயில் தோன்றியது. 1986-ல் இந்தோனேசியாவில் தோட்டம் தோட்டமாக மரங்கள் மொட்டையாயின. 1988-ல் நம் நாட்டுக்கு வந்தது. 1992-ல் கிழக்கு ஆப்பிரிக்கா. இத்தனை நாடுகளிலும் அதற்கு எங்கேயும் புதிதாகப் பழக வேண்டிய தேவை வரவில்லை. போன இடமெல்லாம் அதே மரம்.

நம் ஊரில் தாய்லாந்திலிருந்து ஒரு நீலநிறப் பொறிவண்டை 1988-லேயே வரவழைத்து விட்டார்கள். அது தென்னிந்தியாவில் நிலைத்தது. பூச்சியின் கொட்டம் குறைந்தது. நல்ல வேலை அது. ஆனால் மரம் அப்படியேதான் இருக்கிறது.

மரத்தை மாற்றுகிற வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ப்ரூபேக்கர். 1960-கள் முதல் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் விதை சேகரித்தார். மெக்சிகோவின் சகடேகாஸ் மாநிலத்தில் கிடைத்த ஒன்றுதான் கே-8 என்ற நெட்டை ரகம். 1970-களில் புனேக்கு அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் நிறுவிய பைஃப் அமைப்பு அதை இந்தியாவில் பரப்பியது. புதர் ரகத்தைவிடத் தழையும் விறகும் அதிகம் தந்தது, காய் குறைவு. இருந்தாலும் கே-8-ம் பூச்சிக்குத் தப்பவில்லை.

தப்பியவை உறவுக்கார இனங்கள். அதில் லூசீனா பாலிடா என்று ஒன்று. அதற்கும் 104 குரோமோசோம்கள், ஆகவே சவுண்டலோடு கலந்தால் வளமான பிள்ளை பிறக்கும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. கலப்பு செய்கிறவர்கள் பொதுவாகக் குண்டூசித் தலை அளவுப் பூவைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பையைக் கிள்ளிக் கண் வலிக்க உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அது தேவையில்லை. ஒரே பாலிடா மரத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் சவுண்டலை நட்டுவிட்டுத் தேனீயிடம் ஒப்படைத்தால் போதும். பாலிடாவில் காய்க்கும் விதை எல்லாம் கலப்பு. கேஎக்ஸ்-2 என்ற ஹவாய்க் கலப்பு இந்த வழியில்தான் வந்தது. பாலிடாவின் தழையில் துவர்ப்பு அதிகம், செரிமானம் குறைவு. அதனால் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் கலப்பைத் திரும்பத் திரும்பச் சவுண்டலோடு சேர்த்து, பூச்சியைத் தாங்கும் குணத்தை மட்டும் பிடித்து வைத்து 'ரெட்லேண்ட்ஸ்' என்ற ரகத்தை எடுத்தார்கள். பாதிக் குரோமோசோம் கொண்ட இனங்களோடு கலந்தால் விதையே வைக்காத மரமும் கிடைக்கிறது. கேஎக்ஸ்-4 அப்படிப்பட்டது.

விதையில்லா மரத்தின் அருமை செஞ்சிக்காரர்களுக்குப் புரிய வேண்டும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் சவுண்டலும் இருக்கிறது. வெட்டாமல் விட்ட ஒரு மரம் கொட்டும் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கி முளைக்கும். குற்றம் மரத்தின் மேல் இல்லை. "சீக்கிரம் வளரும்" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு, எந்த ரகம், யார் வெட்டப்போகிறார்கள் என்று கேட்காமல் கரையெங்கும் விதைத்த நம் அவசரத்தின் மேல்தான் இருக்கிறது. நெல்லுக்கு ரகம் கேட்கிறோம், கடலைக்கு ரகம் கேட்கிறோம். பத்து இருபது ஆண்டு நிற்கப்போகிற தீவன மரத்துக்குக் கேட்பதில்லை. மணிலாக் கொட்டை விதையை ஒன்று ஒன்றாகப் பொறுக்கிப் போடும் அதே கை, சவுண்டலை வழியில் உருவிக்கொண்டு வந்து வீசுகிறது.

கல்யாண முருங்கைக்கு நடந்ததை யாராவது நினைக்கிறோமா? அதுவும் பயறுக் குடும்பத்து மரம்தான், ஆட்டுக்கு அருமையான தழை. போத்து வெட்டி நட்டே பெருக்கினோம். 2004-ல்தான் அறிவியல் பெயரே பெற்ற ஒரு சின்னஞ்சிறு குளவி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் பக்கமும் வந்தது. இலையும் காம்பும் முண்டு முண்டாக வீங்கின. வேலியெல்லாம் நின்ற மரத்தை இன்று தேட வேண்டியிருக்கிறது. இலைச்சாறு பிழிந்து குழந்தைக்குக் கொடுத்த பாட்டிமார்களுக்கு அந்த இழப்பு தெரியும்.

இப்போது விதைக்கு, அம்மா. சாலையோர மரத்தில் உருவ வேண்டாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையிலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ ரகத்தின் பெயர் சொல்லித் தரச் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கொதி அடங்கிய வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊற வைத்தால்தான் அந்த வழவழப்பான பழுப்புத் தோல் இளகும். நீர் தேங்கும் வரப்பில் வைக்காதீர்கள், வேர் அழுகும். வரப்பு முழுக்க இதையே வைக்கவும் வேண்டாம். நாலுக்கு ஒன்று அகத்தி. அதை ஒட்ட வெட்டினால் செத்துப்போகும், கிளையை மட்டும் ஒடியுங்கள். இடையில் வேலிமசால் விதையுங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் மிமோசின் இல்லாதது. சவுண்டலில் பூ வெளுக்கத் தொடங்கியதும் காய் முற்றும் வரை காத்திராமல் இடுப்பளவில் வெட்டிவிடுங்கள். ஆட்டுக்கும் அப்போதுதான் தழை இளசாக இருக்கும்.