பழைய ராணுவ லாரி: வாங்குமுன் தாளைப் பாருங்கள்

ராணுவம் கழித்துவிட்ட நான்கு சக்கர இழுவை லாரி மலிவாக வருகிறது, வாங்கிச் சரிசெய்து சரக்கு ஏற்ற வைத்துக்கொள்ளலாமா என்று வணிக நண்பர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். ஆலத்தியூரில் எங்கள் குடோனுக்குப் பின்புறம் இந்த வேலையில் இறங்கி, ஒருமுறை நஷ்டமும் ஒருமுறை நிறைவும் கண்டவர்கள் நாங்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம்.

சந்தையில் அதிகம் அடிபடுபவை மூன்று வண்டிகள். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் தயாரான சக்திமான் ஒன்று. ஜப்பானின் நிசான் உரிமத்தில் அங்கேயே செய்யப்பட்ட ஒரு டன் லாரி மற்றொன்று. அதன் உறவுக்கார வண்டியான ஜோங்கா மூன்றாவது. ஜோங்காவில் இருப்பது 3956 சி.சி., 6 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். உழைப்பாளிதான், ஆனால் பெட்ரோலை நன்றாகக் குடிக்கும்.

முதலில் நாங்கள் ஒரு தரகர் வழியாக நிசான் வண்டியை வாங்கினோம். விலை சல்லிசு. "தாள் பின்னால் வரும்" என்றார், வரவே இல்லை. இரண்டு வருஷம் புளியமரத்தடியில் நின்ற வண்டியைக் கடைசியில் எடைக்குப் போட்டோம். கொள்முதல் பில் இல்லாமல் ஒரு மூட்டை துவரம்பருப்பு எடுக்காத நாம், வண்டியை மட்டும் அப்படி எடுத்தது எங்கள் தவறே.

ராணுவத்தில் இருக்கும்வரை அந்த வண்டிக்கு நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவு தேவையில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதற்குத் தனி ஏற்பாடு செய்திருக்கிறது. அரசின் கையை விட்டு வெளியே வந்ததும் மற்ற வண்டிகளைப் போலப் பதிவு செய்தே ஆகவேண்டும். அதற்கு ஏல விற்பனை ஆணை, பணம் கட்டிய ரசீது, வண்டியை ஒப்படைத்த உத்தரவு ஆகியவை வேண்டும். அவற்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அரசின் கழிவுப் பொருள்களை ஏலம் விடும் நிறுவனங்களில் முக்கியமானது எம்.எஸ்.டி.சி. இத்தகைய ஏலத்தில் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்பதே நிபந்தனை. நேரில் பார்க்காமல் விலை கேட்கக் கூடாது. பழைய ராணுவ எண்ணில் அம்புக்குறியை அடுத்துள்ள இரண்டு இலக்கங்கள் வண்டி வாங்கிய ஆண்டைக் காட்டும்.

இரண்டாவது வண்டிக்கு எல்லாத் தாளும் இருந்தன. அரியலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகே ஸ்பேனரைத் தொட்டோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊராதலால் வெல்டிங்குக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற ராணுவ ஓட்டுநர் ஒருவர் வேலையின் வரிசையைச் சொல்லித்தந்தார். அதைக் கீழே தருகிறோம்.

முதலாவது, ஆசைப்பட்டு ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசல் கலந்த என்ஜின் ஆயிலைத் துளைகளில் விட்டுச் சில நாள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். நின்றுபோன வண்டியின் டேங்கில் பெட்ரோல் பிசினாகிக் கிடக்கும். இறக்கிக் கழுவ வேண்டும். காலி டேங்க் என்று நம்பி வெல்டிங் வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

இரண்டாவது, வண்டி ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். வீல் சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், நுரையீரலுக்குக் கேடு.

மூன்றாவது, சக்கரம். ரிம் இரண்டு துண்டாகி நட்டுகளால் இணைந்திருந்தால், காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடக் கூடாது. தெறிக்கும் ரிம் ஆளைக் கொன்றுவிடும்.

நான்காவது, மின்சாரம். ராணுவ வண்டிகள் பலவற்றில் 24 வோல்ட் இருக்கும். பார்க்காமல் 12 வோல்ட் பல்பைப் போட்டால் எரிந்துபோகும்.

பெயிண்ட் கடைசி. ராணுவப் பச்சை அழகுதான், ஆனால் நாம் அடிக்க முடியாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, அந்த ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே என்கிறது.

நான்கு சக்கர இழுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. நான்கையும் இணைத்துவிட்டால் இந்த வித்தியாசத்துக்கு இடமிருக்காது. மழைக்காலக் கரிசல் சேற்றிலும் கொள்ளிட மணலிலும் சக்கரம் வழுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். தார் சாலையில் வழுக்க வழியில்லாததால் டயர் தேயும், கியர் முறுக்கேறி உடையும். ஆகவே சேறு தாண்டியதும் முன் இழுவையை எடுத்துவிட வேண்டும்.

இனி, சரக்கு ஏற்றலாமா என்ற கேள்வி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021இல் தனி விதிகள் வந்தன. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. டீசல் என்ஜின் மாற்றினால் அந்தச் சலுகையும் போகும்; சாதாரணப் பதிவிலும் 52ஆம் பிரிவின்படி அனுமதி பெறாமல் என்ஜினை மாற்ற முடியாது.

ஆகவே பேரேட்டில் இதை முதலாக எழுதாதீர்கள். செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். கடைப் பணத்தைத் தொடாமல், கையில் மிஞ்சியதைக் கொண்டு செய்தால் மனநிறைவு உண்டு. எங்கள் வண்டி முதல்முறை உறுமியபோது அந்த ஓட்டுநர் எதுவும் பேசாமல் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் கிடைத்த லாபம் அதுதான். சரக்கு ஏற்ற லாரி வேண்டுமென்றால் சரக்கு லாரியே வாங்குங்கள்.