மலைக்கடையும் விளம்பரமும் – 9: கைப்பேசிக்குள் ஓர் ஏலம்

சமூக ஊடக விளம்பரத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது. நாளிதழில் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. உள்ளூர் கேபிள் டிவியில் திரையின் அடியில் ஓடும் வரிக்கு நாள் கணக்கில் காசு உண்டு. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அப்படியில்லை. ஒருவர் திரையை விரலால் தள்ளும் நொடியில், அவர் கண்ணில் படப்போகும் அந்த ஓர் இடம் அவருக்காகவே ஏலம் விடப்படுகிறது. 300 ரூபாய் கட்டி 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தும் கடைக்காரர் இடத்தை வாங்கிவிடவில்லை. ஏலத்தில் உட்கார உரிமை பெறுகிறார், அவ்வளவுதான். கட்டும் தொகையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

பூஸ்ட் பொத்தானும் தினசரி பட்ஜெட்டும் முந்தைய பகுதிகளில் வந்துவிட்டன. இந்த வாரத்துக்கு உரியது, வரைபடத்தில் கடையைச் சுற்றிப் போடும் வட்டம். ஏலம் புரியாமல் வட்டம் புரியாது என்பதால் ஏலம் முதலில்.

நீலகிரிக்கு ஏலம் புதிதல்ல. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. சிறு விவசாயியின் பச்சை இலை ஆலைக்குப் போய்த் தூளாகி, லாட் எண் பெற்று, தரகர் வழியாக விற்பனைக்கு வருகிறது. அதற்கு முன்பே தரகரின் ஆள் மாதிரியைக் கொதிநீரில் ஊறவைத்து, உறிஞ்சிச் சுவைத்து, இந்தத் தூள் இவ்வளவுக்குப் போகும் என்று மதிப்புக் குறித்துவிடுவார். சுத்தியல் போய்க் கணினி வந்த பிறகும் இந்தச் சுவை பார்ப்பது நிற்கவில்லை. திறந்த ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குச் சரக்கு. கேட்ட விலையை அவர் கொடுத்தாக வேண்டும்.

கைப்பேசி ஏலம் இந்த இரண்டு விதிகளிலும் மாறுபடுகிறது. அதிகம் கேட்டவர் ஜெயிப்பார் என்பதில்லை. ஜெயித்தவர் கேட்ட விலையைக் கொடுப்பதும் இல்லை.

இரண்டாவது விதியின் வரலாறு சுவையானது. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரே 1961-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மூடிய உறை ஏலத்தை ஆராய்ந்தார். 100, 80, 50 என்று மூவர் கேட்டால் 100 கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கொடுப்பது 80. இப்படிச் செய்தால், பக்கத்துக்காரர் என்ன கேட்பாரோ என்று ஊகித்துக் குறைத்துக் கேட்கும் அவசியம் யாருக்கும் இராது. தன் மனத்திலுள்ள மதிப்பை அப்படியே கேட்பதே ஒவ்வொருவருக்கும் லாபம் என்று அவர் நிறுவினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அஞ்சல்வழி ஏலம் நடத்திய அஞ்சல்தலை வியாபாரிகள் சிலர் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். 1971-இல் எட்வர்ட் கிளார்க்கும் 1973-இல் தியோடர் குரோவ்ஸும் விக்ரேயின் கருத்தை விரித்தார்கள்: ஜெயித்தவர், தன் வரவால் மற்றவர்கள் இழந்த அளவையே விலையாகக் கொடுக்க வேண்டும். பேஸ்புக் தன் விளம்பர இடங்களை விற்க எடுத்துக்கொண்டது இந்த முறையைத்தான்.

1996 அக்டோபர் 8 அன்று விக்ரேக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றாம் நாள், கருத்தரங்கு ஒன்றுக்குக் காரோட்டிச் செல்லும் வழியில் அவர் இறந்தார். நெரிசல் வேளையில் சாலையைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியவரும் இவரே. நியூயார்க் அதை 2025 ஜனவரியில்தான் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு கோடையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என இ-பாஸ் வரம்பு வந்தது. நியூயார்க் விலையால் கட்டுப்படுத்தியதை நீலகிரி எண்ணிக்கையால் கட்டுப்படுத்தியது. மலை வியாபாரிக்கு இதில் ஒரு பயன் உண்டு: இ-பாஸ் எடுப்பவர் புறப்படுமுன்பே திட்டம் போடுகிறார். விளம்பரம் அவரைச் சேர வேண்டிய இடம் ஊட்டி ஏரிக்கரை அல்ல. கோவையிலோ பெங்களூரிலோ உள்ள அவர் வீடு.

அதிகம் கேட்டவரே ஜெயிப்பார் என்பதில்லை என்ற முதல் விதிதான் சிறு கடைக்கு உயிர்நாடி. ஏலத்தில் எடைபோடப்படுவது கேட்ட தொகை மட்டுமல்ல. அந்தத் தொகையை, பார்ப்பவர் விளம்பரத்தைத் தொடும் வாய்ப்பால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கான மதிப்பையும் கூட்டிக்கொள்கிறார்கள். ஒரு வர்க்கிக் கடை, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு விசாரிப்புக்கு 20 ரூபாய் தரத் தயார். பெரிய நிறுவனம் ஒன்று 60 ரூபாய் தரத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒருவர் கடையின் விளம்பரத்தைத் தொட 2 சதவீத வாய்ப்பு, நிறுவனத்தின் விளம்பரத்தைத் தொட அரை சதவீத வாய்ப்பு. கடையின் கணக்கு 40 காசு. நிறுவனத்தின் கணக்கு 30 காசு. தரம் சமமானால் இடம் கடைக்கே.

பூஸ்ட் செய்பவர் பெரும்பாலும் ஏலத்தொகையைக் குறிப்பதே இல்லை. பட்ஜெட்டைப் பார்த்து அமைப்பே அவருக்காகக் கேட்கிறது. ஆகவே அவர் கையில் மிஞ்சுவது விளம்பரம் ஒன்றுதான். குன்னூரில் சுவை பார்ப்பவர் செய்யும் வேலையை இங்கே பார்வையாளரின் விரல் செய்கிறது. இணையத்தில் இறக்கிய படத்தைவிட, சொந்த விறகடுப்பிலிருந்து வர்க்கித் தட்டு வெளியே வரும் பத்து நொடிக் காட்சி மேல். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு வரியில் சொல்வது நல்லது. 'லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள், பரிசு வெல்லுங்கள்' என்ற வகை வாசகம் தரமதிப்பைக் குறைக்கும். அதைக் கைவிட வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ 50 விசாரிப்புகள் வந்தால்தான் யாருக்குக் காட்டுவது என்பது அமைப்புக்குப் பிடிபடும். 300 ரூபாயை ஐந்து விளம்பரங்களுக்குப் பிரிப்பதும், தினமும் படத்தை மாற்றுவதும் அந்தப் பணத்தைக் கரைக்கும் வழிகள்.

இனி வட்டம். வரைபடத்தில் ஊசி குத்தி, சுற்றிலும் இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்துக்கு எல்லை வைக்கலாம். அந்தத் தூரம் வான்வழித் தூரம். அதற்கு மலை தெரியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வான்வழியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர்; சாலையில் அதைப்போல் இரு மடங்கு, இறக்கம் சுமார் 1,500 மீட்டர். குன்னூர் பேக்கரி 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால், மாலைத் தேநீருக்கு மலையேறி வரவே முடியாத மேட்டுப்பாளையத்துக்காரருக்காகவும் ஏலத்தில் பணம் போகும். ஊட்டியிலிருந்து கூடலூரும் வான்வழியில் சுமார் 24 கிலோமீட்டர்தான். உள்ளூர் வாடிக்கைக்கு வட்டத்தைச் சுருக்கி, தேவையில்லாத ஊரைத் தனியே விலக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

சுற்றுலா வருபவரை மட்டும் பிரித்தெடுக்க முன்பு 'இந்த இடத்துக்குப் பயணம் வந்திருப்போர்' என்று தனித் தெரிவு இருந்தது. 2023-இல் அது எடுக்கப்பட்டு, வசிப்பவரும் அண்மையில் வந்துபோனவரும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டனர். தைலமும் ஹோம்மேட் சாக்லேட்டும் விற்கும் கடைகளுக்கு இது பெரிய இழப்பு. மலையாளத்திலும் கன்னடத்திலும் தனித்தனி விளம்பரம் வைத்து அதை ஈடுகட்டும் முறை அடுத்த வாரம்.