குத்துக்காயமும் குறியீடும்

நுழையும்முன்

மருத்துவர் வாய்மொழியாகக் கூறுவதை எதிரே இருக்கும் நோயாளி கேட்கிறார். மருத்துவர் எழுதி வைப்பதையோ, அந்நோயாளியை ஒருமுறையும் கண்டிராத பலர் படிக்கின்றனர். அவ்வெழுத்தில் ஒரு சொல் குறைந்தால் என்ன நேரும் என்பதைத் தோளில் ஏற்படும் குத்துக்காயத்தைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

சிறிய வாய், ஆழ்ந்த காயம்

கத்தியின் கூர்முனை தோலைக் கீறிச் சென்றால் உண்டாவது வெட்டுக்காயம். ஆணி, ஊசி, மரச்சிம்பு போன்றவை நேராகப் பாய்ந்தால் உண்டாவது குத்துக்காயம். குத்துக்காயத்தின் வாய் சிறியது. குருதியும் சிறிதளவே வெளிப்படலாம். ஆயினும் அதன் ஆழத்தைப் பார்வையால் மட்டும் அளக்க இயலாது. தோள்மூட்டு, கைக்குச் செல்லும் பெரிய குருதிக்குழாய்கள், நரம்புகள், நுரையீரலின் மேல்முனை ஆகிய யாவும் அப்பகுதியில் அருகருகே அமைந்துள்ளன. மேலும், காற்றுப் புகாத ஆழத்தில் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் நுண்ணுயிரி பெருகக்கூடும். எனவே, சிறிய காயம் என்று கருதிச் சுருக்கமாக எழுதிவிடுதல் தகாது.

நோய்களுக்கு ஒரு பொதுப் பட்டியல்

ஒரே நோய் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர் பெற்றால் கணக்கெடுப்பு இயலாது. இக்குறையைப் போக்க, பிரான்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ஜாக் பெர்டிலான், இறப்புக்கான காரணங்களின் பட்டியல் ஒன்றை 1893ஆம் ஆண்டு சிக்காகோவில் முன்வைத்தார். 1948ஆம் ஆண்டு அப்பணியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அதன் பத்தாம் திருத்தத்தை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரிவாக்கி, 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தி வருகிறது. மருத்துவக் குறிப்புகளைப் படித்து உரிய குறியீடு இடும் பணி ‘மெடிக்கல் கோடிங்’ எனப்படும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான இப்பணி சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் நடைபெறுகிறது.

குறியீட்டின் உறுப்புகள்

‘நடந்தான்’ என்னும் சொல்லைப் பகுபத உறுப்புகளாகப் பிரித்தால், செயல், காலம், பால் ஆகியவை தனித்தனியே விளங்கும். அமெரிக்கக் குறியீடும் அவ்வாறே பிரித்துப் பொருள் கொள்ளத்தக்கது. ‘எஸ் 41.031 ஏ’ என்பதைக் காண்க.

‘எஸ் 41’: தோள், மேற்கை ஆகியவற்றின் திறந்த காயம்.
‘0’: காயம் பட்ட இடம் தோள். மேற்கையாயின் ‘1’ வரும்.
‘3’: அயற்பொருள் தங்காத குத்துக்காயம். அயற்பொருள் தங்கியிருப்பின் ‘4’ வரும்.
‘1’: வலப்பக்கம். இடப்பக்கத்திற்கு ‘2’; பக்கம் குறிப்பிடப்படாவிடில் ‘9’.
‘ஏ’: காயத்திற்கு முனைப்பான சிகிச்சை நடைபெறும் நிலை. காயம் ஆறிவரும் காலத்துப் பராமரிப்புக்கு ‘டி’. பிற்காலத்தில் எஞ்சும் தழும்பு முதலிய பின்விளைவுக்கு ‘எஸ்’.

‘ஏ’ என்பது முதல் வருகையை மட்டும் குறிக்கும் எனக் கொள்வது பிழை. முனைப்பான சிகிச்சை தொடரும் வரை, நோயாளி எத்தனை முறை வந்தாலும் ‘ஏ’ என்றே வரும்.

காயத்தின் காரணத்திற்கும் தனிக் குறியீடு உண்டு. ஆணி தோலைத் துளைத்துப் புகுந்தது என்பதை ‘டபிள்யூ 45.0 எக்ஸ் எக்ஸ் ஏ’ குறிக்கிறது. ‘ஏ’ ஏழாம் இடத்தில் நிற்க வேண்டுமாதலால், வெற்றிடங்கள் இரண்டையும் ‘எக்ஸ்’ நிரப்புகிறது.

இரண்டு குறிப்புகள்

அமெரிக்காவில் கட்டடப் பணியாளர் ஒருவரின் தோளில் ஆணி பாய்ந்ததாகக் கொள்வோம். அவரைப் பற்றிய குறிப்பு இரு வகையாக அமையலாம்.

முதற்குறிப்பு: “தோளில் காயம். கட்டுப் போடப்பட்டது.”

இரண்டாம் குறிப்பு: “வலத்தோளின் முன்புறம் குத்துக்காயம். பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி குத்தியது. ஆழம் 2 செ.மீ. காயத்தைக் கழுவி ஆராய்ந்ததில் அயற்பொருள் இல்லை. எக்ஸ்ரே படத்திலும் உலோகத்துண்டு இல்லை. மணிக்கட்டில் நாடித்துடிப்பு சீராக உள்ளது. கையின் உணர்ச்சியிலும் அசைவிலும் குறையில்லை. டெட்டனஸ் தடுப்பூசி முன்பு போட்டு 7 ஆண்டுகள் ஆயின. இன்று பூஸ்டர் தவணை போடப்பட்டது.”

முதற்குறிப்பிலிருந்து எந்தத் தோள், எவ்வகைக் காயம், உள்ளே ஏதேனும் தங்கியதா என்பன விளங்கவில்லை. குறியீட்டாளர் இவற்றை ஊகித்து நிரப்பலாகாது. மருத்துவரிடம் எழுத்து வாயிலாக வினவித் தெளிதல் வேண்டும். இரண்டாம் குறிப்போ எவ்வினாவிற்கும் இடம் வைக்கவில்லை. தடுப்பூசி பற்றிய செய்தியும் வீணன்று. அழுக்குப் படிந்த காயமாயின், இறுதித் தவணைக்குப் பின் 5 ஆண்டுகள் கடந்தவருக்குப் பூஸ்டர் தவணை தேவை என்பது அந்நாட்டு மருத்துவ வழக்கம்.

ஒரு வாரம் கழித்து அப்பணியாளர் தோள் வீங்கி, காய்ச்சலோடு வேறொரு மருத்துவரிடம் வருகிறார் என்க. பலகையின் மரச்சிம்பு உள்ளே தங்கியிருக்கலாம். மரத்துண்டு எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் புலப்படாது. முதற்குறிப்பைப் பெற்றவர் யாவற்றையும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டும். இரண்டாம் குறிப்பைப் பெற்றவரோ, உலோகம் இல்லை என்பதை அறிந்து, மரச்சிம்பைக் காண அல்ட்ராசவுண்டு சோதனைக்கு உடனே ஏற்பாடு செய்வார். காப்பீட்டுத் தொகையும் பணியிட விபத்துக் கணக்கும் இக்குறிப்பையே சார்ந்துள்ளன. எனினும், காலம் தாழாமல் கிடைக்கும் சிகிச்சையே அதன் முதற்பயன்.

சொல்லும் பொருளும்

அயற்பொருள் – உடலுக்குள் புகுந்து தங்கும் வெளிப்பொருள்
மரச்சிம்பு – மரத்தின் கூரிய சிறுதுண்டு
குருதி – இரத்தம்

பயிற்சி

1. குத்துக்காயத்தின் ஆழத்தைப் பார்வையால் மட்டும் அறிய இயலாதது ஏன்?
2. இடத்தோளில் அயற்பொருள் தங்கிய குத்துக்காயத்திற்கு முனைப்பான சிகிச்சை நடைபெறுகிறது. உரிய குறியீட்டை எழுதுக.
3. விளையாட்டுத் திடலில் மாணவர் ஒருவருக்கு ஏற்பட்ட காயத்தைப் பற்றி, படிப்பவர் எவ்வினாவும் எழுப்பாதவாறு ஐந்து தொடர்களில் குறிப்பு எழுதுக.