அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவைச் சுற்றிப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்கு வேலைக்காகக் குடிவருவோர் அறிய வேண்டிய ஆபத்துகள், உரிமைகள், தீர்வுகள்

2023 ஜூலை 29ஆம் தேதி காலை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்துச் சிதறியது. 9 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்து ஓட்டல் கட்டடம் இடிந்து விழுந்தது. சுற்றியிருந்த வீடுகளும் கடைகளும் சேதமடைந்தன. அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, ஓசூரின் ஜூஜூவாடியைத் தாண்டினால் வரும் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. அன்றே 14 பேர் கருகி இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் இறந்ததால் எண்ணிக்கை பின்னர் கூடியது. அவர்களில் பலர் தீபாவளி நேரத்து வேலைக்காகத் தமிழ்நாட்டு கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள்.

பழையபேட்டையில் பாதிக்கப்பட்டவர்களில் பட்டாசுத் தொழிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் இருந்தார்கள். அந்தக் கிடங்குக்கு அருகில் இருந்தது ஒன்றே அவர்கள் ஆபத்தில் சிக்கக் காரணம். ஒரு தெருவில் குடியேறும்போது வீட்டை மட்டும் வாடகைக்கு எடுப்பதில்லை. அக்கம்பக்கத்தில் உள்ள அத்தனை ஆபத்தோடும் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறோம். அந்த ஆபத்து என்னவென்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

'ஏரியா எப்படிங்க?'

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசைகட்டின. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இப்போது கெலமங்கலம், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை தொழிற்சாலைகள் பரவிவிட்டன. தர்மபுரி, திருவண்ணாமலை, மதுரையிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு.

வீடு தேடி வருபவர் வாடகையையும் அட்வான்ஸையும் விசாரித்துவிட்டு, 'ஏரியா எப்படிங்க?' என்று கேட்பார். 'நல்ல ஏரியாங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதான்' என்பார் புரோக்கர். அல்லது, 'அந்தப் பக்கம் வேண்டாங்க, ஹிந்திக்காரங்க ஜாஸ்தி' என்பார். இந்த இரண்டு பதிலிலும் பாதுகாப்பைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் மண் ஓசூர். மொழியை வைத்தோ ஜாதியை வைத்தோ இங்கே ஒரு தெருவை நல்லது, கெட்டது என்று பிரிப்பது தவறு, அது ஆபத்தும்கூட. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அப்பாவித் தொழிலாளர்கள் எவ்வளவு பயந்துபோனார்கள் என்று பார்த்தோம்.

பழையபேட்டையில் உயிரைப் பறித்தது பக்கத்தில் இருந்த கிடங்கு. எந்தத் தெருவிலும் முதலில் விசாரிக்க வேண்டியது அப்படிப்பட்ட விஷயங்களைத்தான்.

பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நீங்கள் வாழப்போகும் நேரத்தில் போய்ப் பாருங்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிடும் நேரம் இரவு பத்தரை, பதினொன்று. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும் உள்ள கடைசி அரை கிலோமீட்டரை நடந்து பாருங்கள். எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது? வழியில் திறந்திருக்கும் கடை ஒன்றாவது உண்டா? டாஸ்மாக் வாசலைக் கடந்துதான் போக வேண்டுமா? காலி மனைகளில் புதர் மண்டிக் கிடக்கிறதா? தேசிய நெடுஞ்சாலை 44ஐக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால், சுரங்கப்பாதையோ மேம்பாலமோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? லாரிகள் இடைவிடாமல் பறக்கும் அந்தச் சாலையில் தடுப்பைத் தாண்டிக் குதிப்பதுதான் அன்றாட வழி என்றால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம்.

பகலில் போகும்போது தரைத்தள ஷட்டர்களைக் கவனியுங்கள். பெயர்ப்பலகை இல்லாத கிடங்கு, தின்னர் பீப்பாய்கள், பழைய பிளாஸ்டிக் குவியல், வரிசையாக அடுக்கிய வணிக எரிவாயு சிலிண்டர்கள் இவற்றில் எது இருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று எதிர் டீக்கடையில் கேளுங்கள். பட்டாசுக் கடைக்கும் கிடங்குக்கும் வெடிபொருள் விதிகள் 2008இன்படி உரிமம் வேண்டும். தீபாவளிக்கு முன் திடீரென முளைக்கும் கிடங்குகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் அதிகாலை ஐந்து மணிக்கு மூச்சை இழுத்துப் பாருங்கள். பகல் காற்றில் தெரியாத ரசாயன வாடை அப்போது தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற வண்ணங்களில் வகைப்படுத்துகிறது. மாசு அதிகமானவை சிவப்பு வகை. பக்கத்து ஆலை எந்த வகை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தண்ணீர், மழை, யானை

'தண்ணி பிரச்சினையே இல்லீங்க' என்று வீட்டுக்காரர் சொன்னால், 'எந்தத் தண்ணீர்?' என்று திருப்பிக் கேளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை, நாளாவட்டத்தில் எலும்பு பாதிப்பு என்று தலைமுறைகள் அவதிப்பட்ட பிறகு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. புதிதாக முளைக்கும் லேஅவுட்டுகளில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் என்றால், குடிப்பதற்கு வேறு வழி என்ன என்று பாருங்கள். ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அது குடிக்கத் தகுந்தது அல்ல. தென்பெண்ணை வழியாகப் பெங்களூருவின் கழிவுநீரும் வந்து சேரும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆற்றோரக் கிணற்று நீரைச் சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

மழையைப் பொறுத்தவரை 2024 டிசம்பரை மறக்கக் கூடாது. ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. வறண்ட மாவட்டம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. பக்கத்தில் ஏரி இருக்கிறதா, அதன் உபரிநீர் எந்தப் பக்கம் போகும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். சுவர்களில் ஓரடி, இரண்டடி உயரத்தில் நீர்க்கோடு தெரிந்தால், அதைப் புதுப் பெயின்டால் மறைத்திருந்தாலும், அதுதான் பதில்.

சானமாவு காட்டை ஒட்டியும், தளி, ஜவளகிரி பக்கமும் மனையோ வீடோ பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வரும். அந்த மாதங்களில் அதிகாலையில் இருட்டோடு இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போக வேண்டியிருக்குமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

பெண்கள் விடுதியும் பி.ஜி.யும்

2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியை மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். வெளியே 'லேடீஸ் பி.ஜி.' என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. பெண்ணைச் சேர்க்க வரும் பெற்றோர், 'லைசென்ஸ் காப்பியைக் காட்டுங்க' என்று கேட்கத் தயங்கக் கூடாது. இரவில் பெண் வார்டன் அங்கேயே தங்குகிறாரா, வாசலில் காவலர் உண்டா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, அந்த வழிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள்.

2025 நவம்பரில் உத்தனப்பள்ளி பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு போராடினார்கள். கைது நடவடிக்கை தொடர்ந்தது. பெண்ணை அவர் அறியாமல் அந்தரங்க நிலையில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே குறைந்தது ஓராண்டு சிறை. கேமராவைக் கண்டால் கழற்ற வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு 112 அல்லது 181க்கு அழையுங்கள். படம் இணையத்தில் பரவினால் 1930க்கும் புகார் செய்யுங்கள்.

அட்வான்ஸ், கரன்ட், லீஸ்

பெங்களூரு வழக்கத்தைப் பார்த்து இங்கேயும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் நகர்ப்புற வீடுகளுக்கு மூன்று மாத வாடகையை அட்வான்ஸுக்கு வரம்பாக வைத்திருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையும் கரன்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ரொக்கமாக வாடகை கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். வங்கி வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

லைன் வீடுகளில் கரன்ட் பில் தனிக் கதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் நாலைந்து குடும்பத்தை ஓட்டிவிட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தானே ஒரு விலை வைப்பது இங்கே சர்வசாதாரணம். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று பார்த்து, அதன் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

லீஸ் எனப்படும் போக்கியத்தில் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணம் சிக்கிக்கொள்ளும். பணம் வாங்குபவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பத்திரத்திலும் வரி ரசீதிலும் பெயரை ஒப்பிடுங்கள். போக்கியப் பத்திரம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எல்லையைத் தாண்டினால்

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடா, ஊராட்சிப் பகுதியா, அத்திப்பள்ளி பக்கமா என்பதைப் பொறுத்துக் குடிநீர், குப்பை, விளக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் மாறுவார். அத்திப்பள்ளியில் வீடு எடுத்தால் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் குற்றம் நடந்தால், 'இது எங்க லிமிட் இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் உங்களை அனுப்பிவிட முடியாது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆம் பிரிவு, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்க வழி செய்கிறது. ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டிப் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் குறிக்கும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது?

குடியிருப்புக்கு நடுவே ஆபத்தான கிடங்கு இருந்தால், தெருக்காரர்கள் கையெழுத்திட்டு ஓசூர் சார் ஆட்சியரிடமோ கிருஷ்ணகிரி கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். பி.என்.எஸ்.எஸ். 152ஆம் பிரிவின்படி அபாயகரமான தொழிலை நிறுத்தவும் அகற்றவும் உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் அதே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் தகராறுக்கு வாடகை அதிகாரியும், அடுத்து வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன. உரிமமில்லாத பெண்கள் விடுதியைப் பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் சொல்லலாம். வெள்ளம் போன்ற பேரிடருக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பட்டியல் சமூகத்தவரைப் பொது இடத்தில் ஜாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்களிடம், 'வந்த இடத்துல நமக்கு எதுக்குங்க வம்பு' என்ற தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் உரிமமில்லாத கிடங்குகளும் விடுதிகளும் நடக்கின்றன. நீங்கள் ஆறு மாதமே தங்கினாலும் அந்தத் தெருவின் குடிமக்கள்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேள்வி கேளுங்கள். குடியேறிய பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்து அந்த வீட்டுக்கு வரப்போகும் குடும்பத்துக்கும் அது பாதுகாப்பு.