இணைப்பு உண்டு, இணையம் இல்லை

நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தைப் பதிவேற்ற அன்றே இறுதி நாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் திறன்பேசியுடன் அமர்ந்திருந்தாள். திரையின் மேல்விளிம்பில் வைஃபைக் குறி முழுமையாகத் தெரிந்தது, வலைப்பக்கமோ திறக்கவில்லை. குறி இருக்கையில் இணையம் எங்கே போயிற்று?

அக்குறி சொல்வது மிகச் சிறிய செய்தியே. வைஃபை எனப்படும் அருகலை, திறன்பேசியையும் வீட்டிலுள்ள ரூட்டரையும் வானொலி அலைகளால் இணைக்கிறது. அந்தச் சில மீட்டர் தொலைவில் அலை வலுவாக உள்ளது என்பதை மட்டுமே குறி காட்டுகிறது. ரூட்டரிலிருந்து சேவை நிறுவனம் வரை செல்லும் பாதை வேறு. மேல்நிலைத் தொட்டியில் நீர் இல்லையெனில், பழுதற்ற குழாயைத் திருகியும் பயனில்லை அன்றோ? ஆகவே, பழுது எப்பகுதியில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அதற்கு எளிய வழி, அதே வைஃபையில் வேறொரு கருவியை இணைத்துப் பார்ப்பது. அதில் இணையம் வந்தால் குறை திறன்பேசியில் உள்ளது. வராவிடில் ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது.

குறை திறன்பேசியில் எனில், விமானப் பயன்முறையை இயக்கிச் சில நொடிகளில் நிறுத்துவதே பலமுறை போதுமானது. போதாவிடில், சேமித்த வைஃபைப் பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை இட்டு மீண்டும் இணைக்கலாம். கடவுச்சொல்லை அறிந்துகொண்ட பின்னரே நீக்க வேண்டும். நீக்கிய பின் அதைத் தேடி வீடெங்கும் அலைவோர் பலர். பலரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. அது திறன்பேசியின் நாளும் நேரமும். பாதுகாப்பான வலைத்தளங்கள் காலவரையறை உடைய மின்சான்றிதழைக் காட்டுகின்றன. திறன்பேசியின் நாள் பிழையாக இருப்பின், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது ஏற்க மறுத்துவிடும்.

ஓர் அறையில் மட்டும் வேகம் குறைந்தால் சுவரே காரணமாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆயினும் தடித்த சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிடத் தொலைவு செல்லும். அண்டை வீட்டு ரூட்டர்களும் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதற்கு இடையூறு. ரூட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தால் இரண்டுமே தடைபடும்.

மாணவியின் வீட்டில் தந்தையின் திறன்பேசியிலும் இணையம் வரவில்லை. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து இயக்கி, விளக்குகள் நிலைபெறும்வரை காத்திருந்தனர். மாற்றமில்லை. ரூட்டரின் பின்புறத்து ஊசித்துளைப் பொத்தானை அழுத்தத் தம்பி முனைந்தான். நல்லவேளையாகத் தந்தை தடுத்துவிட்டார். அப்பொத்தான், நிறுவனத்தார் பதிந்து சென்ற அமைப்புகளையும் அழித்துவிடக்கூடியது. அவ்வாறாயின், வெளிப்பழுது நீங்கிய பின்னும் இணையம் வராது.

அப்போதுதான் 'எல்.ஓ.எஸ்.' என்னும் எழுத்துகளின் அருகே சிவப்பு விளக்கு எரிவதை அவள் கண்டாள். கண்ணாடி இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். இழை எங்கேனும் அறுந்திருக்கலாம். அளவு மீறி வளைந்தும் இருக்கலாம். இந்நிலையில் திறன்பேசியில் எதை மாற்றியும் பயனில்லை. தந்தை நிறுவனத்திடம் புகாரைப் பதிவுசெய்தார். தாய் தமது திறன்பேசியின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் வழியே பகிர்ந்தார். இரவு பத்து மணிக்குள் விண்ணப்பம் சென்று சேர்ந்தது. தெருமுனையில் அறுந்திருந்த இழையை மறுநாள் ஊழியர் வந்து இணைத்தார்.